ஓய்வு பெற்றவருக்கான பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் செத்தால் தோட்டம் பெட்டி கொடுக்கும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்கிறார்கள். இருக்கலாம். உயிரோடு இருப்பவர்களுக்கு வீடு, பாதை, தண்ணீர் என்று கொடுக்க வேண்டியது நிறைய இருந்ததால், செத்தவருக்கு ஒரு பெட்டியைக் கொடுத்து முடிப்பது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கும். தச்சர் அடித்து மூன்று நான்கைச் சாமான் அறையில் எப்போதும் சாத்தி வைத்திருப்பார். செத்த வீட்டிலிருந்து ஆள் வரும். நான் கொப்பியில் பெயரை எழுதுவேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். இருபத்தாறு வருடமாக இந்தத் தோட்ட ஆபிசில் கிளாக்கராக இருக்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு தடவைகூடப் பிழை வந்தது கிடையாது. யாரும் திரும்பி வந்து குறை சொன்னதும் கிடையாது.

கொழும்பில் கம்பெனித் தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு இது பொறுக்கவில்லை போலிருக்கிறது. போன வருடம் எல்லாத் தோட்டத்து ஆபிஸ்காரர்களையும் அட்டனில் ஒரு ஹோட்டலுக்கு வரவழைத்து, ஆளுக்கொரு நீல டீசேர்ட் கொடுத்து, புது சிஸ்டம் பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். எடுத்தவர் பெயர் திலக்ஷன். அந்த சிஸ்டத்தை வடிவமைத்தவரே அவர்தான். டிக்கோயாவில் பிறந்து கொழும்பில் படித்தவர். முப்பது வயதிருக்கும். கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் சங்கடமே, கெட்ட பிள்ளையாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"இவ்வளவு நாளும் தோட்டத்துல கூடைன்னா வெறும் கூடை, லொறின்னா வெறும் லொறி," என்றார் திலக்ஷன். "அதுக்குள்ள என்ன போகுதுன்னு யாருக்கும் கணக்கில்ல. இனிமே ஒவ்வொன்னும் தனக்குள்ள எந்த வகை போகும்னு முன்கூட்டியே சொல்லிடணும். கூடையில்ல, கொழுந்துக்கான கூடை. தொட்டில் இல்ல, பிள்ளைக்கான தொட்டில். வகை மாறினா சிஸ்டம் விடாது. மனுசன் பிழை விடுவான். வகை விடாது."

பிறகு வகைகளுக்குள் இருக்கும் உறவு முறையைச் சொன்னார். ஆட்களில் தொழிலாளி என்பது மூல வகை. கொழுந்து பறிப்பவர், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர், ஓய்வு பெற்றவர் எல்லோரும் அதன் வழிவந்த வகைகள். அப்பனிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்கும் வந்து சேரும்.

"நமக்கு லயத்து ஒத்தை அறைக் காம்பரா வந்து சேர்ந்த மாதிரி," என்றான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரன். எங்கள் சாமான் அறையின் சாவி அவனிடம்தான் இருக்கிறது. நாங்கள் கைதட்டினோம். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சாப்பாட்டின் விலை தெரிந்தது. கொழுந்துக்கான கூடையில் ரொட்டிப் பொட்டலம் வைத்திருந்த பதினோரு பெண்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். அப்புறம் கீழ்ப் பிரிவில் பிள்ளைக் காம்பராத் தொட்டில் விவகாரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அழகம்மா, சாமான்களுக்கு வகை பதிந்த அன்று தொட்டிலில் ஆண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் 'ஆண்பிள்ளைக்கான தொட்டில்' என்று சொல்லித்தொலைத்துவிட்டாள். அடுத்த வாரம் அதில் ஒரு பெண் குழந்தையைப் போட்டு, அதையும் பதிந்தாள். சிஸ்டத்தில் சிவப்பு எழுத்தில் பிழை விழுந்தது. பிழை விழுந்தால் அந்தப் பிரிவு முழுவதும் பூட்டிவிடும். ஒன்பது நாள் கீழ்ப் பிரிவுக்குக் காய்ச்சல் மாத்திரை இல்லை, கூரைத் தகரம் இல்லை, ஒன்றுமில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகளை மழையில் மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதிலிருந்து நாங்கள் எல்லோரும் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பயந்துதான் கிடக்கிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பயம் பயம்தான்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மேல் பிரிவில் கணேசமூர்த்தி செத்துப்போனார். சிஸ்டம் வந்த பிறகு தோட்டத்தில் விழுந்த முதல் சாவு. நாற்பத்திரண்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏழரை மணிக்கெல்லாம் அவர் மனைவி மீனம்மா ஆபிஸ் வாசலில் நின்றார். கூடவே பக்கத்துக் காம்பரா பிரதாப். பெட்டி கேட்க வீட்டுப் பெண்கள் வருவது வழக்கமில்லை. ஆனால் இப்போது உரியவரே வந்து மெசினில் விரல் வைக்க வேண்டும்.

"ஐயா, நாலரைக்கு மூச்சு நின்னுருச்சுங்க," என்றார் மீனம்மா. அழுது முடித்த குரல். "மக வினோதா கொழும்புல இருந்து பஸ் ஏறிட்டா. அவ வந்ததும் எடுத்துரணும். நாளைக்குச் சனிக்கெழம."

சனிக்கிழமை பிணம் எடுப்பதில்லை. ஞாயிறு வரை பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே இன்றைக்கே, பொழுது சாய்வதற்குள்.

"பெட்டி உண்டுதானுங்களே?"

"இருக்குதுக்கா. உக்காருங்க."

"எத்தன பேரு பெட்டியத் தோளுல தூக்குன மனுசன். அவர நான் பாயில சுத்தி அனுப்ப மாட்டேங்க."

கணேசமூர்த்தியின் தோட்ட நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். அவர் பெயர், வயது எல்லாம் வந்தது. மீனம்மா விரல் வைத்தார். பெட்டி கேட்டேன். சிவப்பு விழுந்தது.

சிஸ்டம் சொன்னது இதுதான். சாமான் அறை வாசல் வழியாக வெளியே போக 'தொழிலாளிக்கான பெட்டி'க்கு மட்டுமே அனுமதி. கையிருப்பில் இருக்கும் மூன்றும் 'ஓய்வு பெற்றவருக்கான பெட்டி'. வகை பொருந்தவில்லை. கேட்டது மட்டும்தான் என்பதால் பிரிவு பூட்டவில்லை.

மதுரன் தலையைச் சொறிந்தான். பதிவன்று பெட்டிகளுக்கு வகை கேட்டபோது அவன்தான் அப்படிக் குறித்தவன். "வேலையில இருக்கும்போது யாரும் சாகுறதில்லையே அண்ணே. ஓய்வு எடுத்த பொறகுதானே போறாங்க. அதான் சரியா இருக்கட்டும்னு போட்டேன்," என்றான். இந்தச் சிஸ்டத்தில் சரியாக இருக்கட்டும் என்று யாரும் எதையும் செய்யக் கூடாது.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மூன்று பெட்டிகளும் சுவரில் சாய்ந்து நின்றன. மீனம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் திலக்ஷனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ஓய்வு பெற்றவரு தொழிலாளிதானே?"

"நூத்துக்கு நூறு தொழிலாளிதான் அண்ணே. அந்த வழியில வந்தவரு."

"அப்ப அவருக்கான பெட்டி, தொழிலாளிக்கான பெட்டிதானே?"

"இல்லண்ணே. அங்கதான் எல்லாரும் பிழை விடுறாங்க." அவர் குரலில் ஒரு சந்தோஷம். "ஆளுங்களுக்குள்ள உறவு இருக்கலாம். அதுக்காகப் பெட்டிங்களுக்குள்ள உறவு இருக்குன்னு ஆயிடாது. இப்ப நான் ஓய்வு பெற்றவருக்கான பெட்டிய, தொழிலாளிக்கான பெட்டின்னு சொல்லி வெளிய விட்டுட்டேன்னு வைங்க. வெளிய நிக்கிறவரு அதை நம்பி, வேலைக்குப் போயிட்டிருக்கிற ஒரு தொழிலாளியத் தூக்கி உள்ள வச்சுட்டா?"

"வேலைக்குப் போற ஆள யாரு தம்பி பெட்டியில வைப்பாங்க?"

"யாரும் வைக்க மாட்டாங்க. ஆனா வைக்க முடியும்ல? நடக்குதா இல்லையாங்கிறது எங்க பிரச்சினை இல்ல. நடக்க முடியுமாங்கிறதுதான் பிரச்சினை. சிஸ்டம் யாரையும் நம்பக் கூடாது அண்ணே. உங்களுக்காகத்தான் இவ்வளவும்."

பெட்டியின் வகையை மாற்றிக் குறிக்கலாமா என்று கேட்டேன். பிறந்த வகையை மாற்ற முடியாது, வேண்டுமானால் புதுப் பெட்டி செய்யலாம், பலகைக்கு விண்ணப்பித்தால் மூன்று வாரத்தில் வரும் என்றார். மூன்று வாரம் என்பதை மீனம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் தோட்ட மேனேஜர், எங்கள் பெரிய துரை, வந்தார். நல்ல மனுஷன், சிங்களவர், மலையில் பழகிப் பழகித் தமிழ் பேசுவார். திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இந்த ஆள ஓய்வுக்கு அனுப்பினது யாரு?"

"வயசு வந்துச்சுங்க சார். அப்ப இருந்த தொரை அனுப்பினாரு."

"அனுப்பாம இருந்தா இன்னைக்கு இந்தச் சிக்கல் வராதுதானே," என்று சொல்லி, மழை அளக்கும் குழாயைப் பார்க்கப் போய்விட்டார். போகும்போது மீனம்மாவைப் பார்த்து, "கவலப்படாதே. சிஸ்டம் வேலை செய்யுது," என்றார். அது உண்மைதான்.

பத்து மணிக்குத் திலக்ஷனே திரும்பக் கூப்பிட்டார். ஒரு வழி இருக்கிறதாம். வாசல் விதியில் ஒரு கேள்விக்குறி சேர்த்தால், 'தொழிலாளி வழியில் வந்த யாரோ ஒருவருக்கான பெட்டி' என்று ஆகிவிடும். அப்போது ஓய்வு பெற்றவரின் பெட்டியும் வாசலைத் தாண்டும்.

"அப்ப அந்தக் கேள்விக்குறிய நான் இங்கருந்து போடவா?"

"ஐயோ, தோட்டத்துல இருந்து கேள்விக்குறி போட முடியாதுண்ணே. தலைமையகம் மட்டும்தான் போடலாம். அதுக்கு மூணு பேர் கொண்ட குழு இருக்கு. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கூடுவாங்க. உங்க அதிர்ஷ்டம், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

குழு கூடியது. ஒரு கேள்விக்குறியை ஒரு மணி நேரம் பேசி ஒன்பது நிபந்தனைகளோடு அனுமதித்தது. பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரையில் பச்சை விழுந்தது. மதுரன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பிரதாப்பும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். மீனம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கூடப் போனேன். மூடியை மூடிய பிறகு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஒன்பதில் ஒரு நிபந்தனை.

லயத்து வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது என் போனில் செய்தி வந்தது. 'அனுமதிக்கப்பட்ட பெட்டியினுள் எதையும் வைக்க முடியாது. உள்ளிருப்பதை எடுக்க மட்டுமே முடியும்.'

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு தேயிலைக்குள் கொஞ்ச தூரம் தள்ளிப்போய், திலக்ஷனைக் கூப்பிட்டேன்.

"ஆமாண்ணே, அது சரிதான்," என்றார் அவர். "கேள்விக்குறி போட்டதால அது யாரோ ஒருத்தருக்கான பெட்டி. யாருக்குன்னு சிஸ்டத்துக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாத பெட்டிக்குள்ள எதை வச்சாலும் வகை பிழைக்கலாம். அதனால ஒண்ணும் வைக்க விடாது. ஆனா எடுக்கலாம். எடுத்தா அது கட்டாயம் ஒரு தொழிலாளியாத்தான் இருக்கும். அந்த உத்தரவாதத்த நாங்க தர்றோம்."

"உள்ளதான் ஒண்ணும் இல்லையே தம்பி."

"அப்ப எடுக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல. பிழையே வராது."

"வச்சா?"

"வச்சாப் பூட்டிடும். மேல் பிரிவு முழுக்க."

மேல் பிரிவில் நூற்று நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு பெண்களுக்கு அந்த வாரம்தான் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் திரும்பிப் போய் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

"வச்சுருவோம்யா. பூட்டுனா பூட்டட்டும்," என்றான் பிரதாப்.

மீனம்மா தலையை ஆட்டினார். "வேணாம். புள்ளத்தாச்சிங்க இருக்குதுங்க. அவரு போறப்ப அடுத்த வீட்டுக்குக் கஷ்டம் குடுத்துட்டுப் போக வேணாம். ஐயா கேட்டுச் சொல்லட்டும்."

இரண்டரைக்கு வினோதா வந்து சேர்ந்தாள். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே போனாள். உள்ளே சத்தம் கேட்டு ஓய்ந்தது. பிறகு வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா ஏன் தரையில கெடக்குறாரு? இந்தா பெட்டி இருக்குதே."

"பெட்டி இருக்கும்மா. வைக்க அனுமதி வரல."

அவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க எங்க அப்பாகூட வேல செஞ்சவருதானே," என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிடலாம் போலிருந்தது. விடவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மீண்டும் போன். இந்தத் தடவை நான் தம்பி என்று கூப்பிடவில்லை. திலக்ஷனுக்கும் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். குழுவில் இருவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம், வழியில் பிடித்துக் கையெழுத்து வாங்குகிறேன் என்றார்.

"கேள்விக்குறியத் தலைகீழா வைப்போம் அண்ணே. இவ்வளவு நேரம் தொழிலாளிக்குக் கீழ வந்தவங்கன்னு போட்டோம். இப்ப, ஓய்வு பெற்றவரு, இல்லாட்டி அவருக்கு மேல உள்ள எந்த வகைக்குமான பெட்டின்னு போடுவோம். அந்த மாதிரிப் பெட்டியில ஓய்வு பெற்றவர எப்பவுமே வைக்கலாம். பிழை வராது."

"இத காலையிலயே செஞ்சிருக்கலாமே."

"காலையில நீங்க பெட்டிய வெளிய எடுக்கத்தானே கேட்டீங்க. உள்ள வைக்கணும்னு சொல்லலையே."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுமதி வந்தது. மலைக்கு மேலே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மதுரன் ஆபிசில் பற்றுச்சீட்டை அடித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். மீனம்மா அதில் கைநாட்டு வைத்தால் முடிந்தது. ஆட்கள் பிணத்தைத் தூக்கத் தயாராகக் குனிந்துவிட்டார்கள்.

மீனம்மா விரலை மையில் தொட்டார். வைக்கவில்லை.

"என்ன எழுதியிருக்குதுங்க இதுல?"

"பெட்டி வாங்கிக்கிட்டதா எழுதியிருக்குக்கா. வைங்க."

"படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். திகதி, பிரிவு, பெட்டி இலக்கம். கடைசி வரியில் வந்து நின்றுவிட்டேன். வினோதா என் கையிலிருந்து தாளை வாங்கி அவளே வாசித்தாள்.

"பெட்டியினுள் இருப்பது: பொருள், ஒன்று."

இதையும் திலக்ஷன் சொல்லித்தான் இருந்தார், போகிற போக்கில். தலைகீழ்க் கேள்விக்குறிப் பெட்டியில் ஓய்வு பெற்றவரை வைக்கலாம். ஆனால் வைத்த பிறகு உள்ளே இருப்பவர் தொழிலாளி என்றோ ஓய்வு பெற்றவர் என்றோ சிஸ்டத்தால் உறுதி சொல்ல முடியாது. எல்லா வகைக்கும் மேலே இருக்கும் ஒரே வகையைத்தான் சொல்லும். அது பொருள். அதற்கு மேல் வகை கிடையாது.

"அவரு பேரு எங்கங்க?" என்றார் மீனம்மா.

"பேருக்கு இதுல எடம் இல்லக்கா. சும்மா ஒரு தாள்தான். யாரும் பாக்கப் போறதில்ல."

"அம்மா, மழை வருது. வச்சிரும்மா," என்றாள் வினோதா.

மீனம்மா மை பட்ட விரலைச் சேலையில் துடைத்தார். "நாப்பது வருசமா எத்தனையோ தாளுல வச்சிருக்கேன். என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டுட்டேன். இனி எப்புடி வைக்கிறது?" என்றார். பிறகு பிரதாப் பக்கம் திரும்பி, "பாடை கட்டுங்கப்பா. பாயிலயே எடுப்போம்," என்றார்.

டர்பன்டைன் மரத்துக் கம்பு வெட்டிப் பாடை கட்டினார்கள். கணேசமூர்த்தி பாயோடு போனார். மழை பாதி வழியில் பிடித்துக்கொண்டது. நான் கடைசி வரை கூடப் போனேன், மண் போட்டேன், தலை நனைந்து திரும்பி வந்தேன். மதுரன் காலிப் பெட்டியோடு சாமான் அறை வாசலில் காத்திருந்தான்.

திருப்பி வாங்கவும் சிஸ்டம் காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பெட்டி சேதமடைந்தது. பெட்டியின் அளவு பிழை. பயனாளி வேலைக்குத் திரும்பிவிட்டார். முதலாவதைப் போட்டால் மதுரன் மாட்டுவான். இரண்டாவதைப் போட்டால் தச்சர் மாட்டுவார். யாருக்கும் கெடுதல் இல்லாதது மூன்றாவதுதான். அதை அழுத்தினேன். உடனே பச்சை விழுந்தது. அன்றைக்கு முழுவதும் கேள்வியில்லாமல் விழுந்த ஒரே பச்சை.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிடும்போது, சிஸ்டம் தந்த கவ்வாத்து வரிசையில் கணேசமூர்த்தியின் பெயரும் இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. வரவில்லை என்று குறித்தார்கள். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் தலைமையகத்திலிருந்து கடிதம் தானாகவே வரும். வந்தது.

அடுத்த வாரம் மீனம்மா அந்தக் கடிதத்தோடு ஆபிசுக்கு வந்தார். மகள் கொழும்புக்குத் திரும்பிவிட்டாள், வாசிக்க ஆளில்லை. மூன்று மொழியிலும் அடித்திருந்த நல்ல தடித்த தாள். நான் எழுந்து நின்று வாங்கினேன்.

"என்ன போட்டிருக்காங்கய்யா?"

மறைக்க எனக்குத் தெம்பில்லை. "வேலைக்கு வரலைன்னு விளக்கம் கேட்டிருக்காங்கக்கா. பதினாலு நாளைக்குள்ள பதில் வரலைன்னா பேர வெட்டிருவாங்களாம்."

"யாரு பேர?"

"அவரு பேரத்தான்."

"அவரு பேரு இதுல இருக்குதுங்களா?"

"முதல் வரியிலயே இருக்குக்கா. திரு. கணேசமூர்த்தின்னு."

"எங்கங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். மூன்று மொழியிலும் காட்டினேன். அவர் குனிந்து மூன்றையும் பார்த்தார். தாளை வாங்கி, பெயர் மடிப்பில் விழாதபடி கவனமாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்றாவது காரணத்தை அழுத்திய என் பிழையை நான் ஒத்துக்கொண்டு, அவர் இறந்துவிட்டார் என்று இன்றைக்கே எழுதித் திருத்திவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்கய்யா," என்றார் மீனம்மா. "வருவாருன்னு எழுதிருங்க. பேரு இருக்கட்டும்."

எழுதினேன். சிஸ்டம் ஏற்றுக்கொண்டது.